பதினான்கு நொடி

சீசன் முடிந்து ஒன்பது நாள்.
மார்த்தாண்டம் டிப்போவில் ரப்பர் ஷீட் எடை போடுகிறேன்.
தராசின் சிவப்பு எண்கள் ஆடி அடங்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.
பழக்கம்.

ஆனியிலிருந்து ஆவணி வரை
நாகர்கோவில் உள்ளரங்கில், கோட்டுக்கு வெளியே,
ஒரு கால் ஆடும் நாற்காலியில்
இருபத்திநான்கைப் பூஜ்யமாக்குவது என் வேலை.
பந்து கைக்கு வந்தால் அமுக்கு.
வளையத்தில் பட்டு எறிந்தவர்களிடமே திரும்பினால்
பதினான்குக்கு மாற்று.
படாவிட்டால் சும்மா இரு.
ஆட்டத்துக்கு எண்ணூறு ரூபாய், ஒரு பொட்டலம் பிரியாணி.
டிவியில் என் முழங்கை தெரிந்ததாக
குலசேகரத்திலிருந்து ஷைனி போன் செய்தாள்.

முதல் மூன்றும் தோற்றோம்.
செனகல்காரன் மாமடு ஒரு விடிகாலை குளச்சல் போய்
கரைவலை இழுத்து உள்ளங்கை கிழிந்து வந்தான்.
கோச் பெர்க்மான்ஸ் திட்டியதில் பாதியை
மொழிபெயர்க்க வந்த பையன் விழுங்கினான்.
அந்தக் கட்டுப்போட்ட கையோடுதான்
புனேயை வென்றோம், பிறகு லூதியானாவை.
பேருந்தில் யாரோ என்னிடமே
நமக்கு டிஃபென்ஸ் போதாது என்று விளக்கினார்.

ததேயு முட்டத்துக்காரன்,
அணியில் மாவட்டத்து ஆள் அவன் ஒருவன்தான்,
பதினோராவது ஆள்.
ஷூ லேஸை அவிழ்ப்பான், கட்டுவான், அவிழ்ப்பான்.
எட்டு ஆட்டத்தில் மொத்தம் நாலு நிமிஷம்.
கடிகாரத்தின் பக்கத்தில் இருப்பவளுக்கு
இதெல்லாம் தெரிந்துவிடும்.

ஆடிச் சாரலில் கூரை ஒழுகியது.
வடக்கு வளையத்தின் பின்னால்
தாணுமாலயன் ஒரு இரும்பு வாளி வைத்தார்.
‘பிளாஸ்டிக் வாளி இல்லியா?’
‘அத சாப்பாட்டுக்காரன் கொண்டு போனான் மக்களே.’

கடைசி லீக் ஆட்டம், கொச்சியோடு.
ஜெயித்தால் அரையிறுதி. தோற்றால் வீடு.
ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம்.
மாமடு ஐந்து ஃபவுலில் வெளியே,
இரண்டு பேருக்குக் கணுக்கால் போயிற்று,
வேறு வழியில்லாமல் ததேயு உள்ளே.
ஆட்டத்தில் பாக்கி பதினாறு நொடி.
என் பெட்டியில் மூன்று.

குர்தேஜ் எறிந்தான், மூன்று கைகளுக்கு மேலாக.
டங்.
பந்து விழுந்த இடத்தில் ததேயு இருந்தான்.
என் விரல் என்னைக் கேட்கவில்லை.
பதினான்கு.

கொச்சியின் எட்டாம் நம்பர் மட்டும்
உதட்டால் எண்ணிக்கொண்டிருந்தான்,
மூந்நு, ரெண்டு, ஒந்நு,
எண்ணி முடித்து இரண்டு கையையும் தூக்கினான்,
ஆட்டம் முடிந்துவிட்டவனைப் போல.
நடுவர் அவனைப் பார்க்கவில்லை.
தூக்கிய கைக்குக் கீழே புகுந்து போய்
ததேயு பந்தைப் போட்டான்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுத!
பெர்க்மான்ஸ் அழுதார். மாமடு
தாணுமாலயனை அப்படியே தூக்கிவிட்டான்.
ததேயுவின் அம்மா பாத்திரத்தில் கொண்டுவந்த
மரச்சீனிக்கிழங்கும் நெய்மீன் குழம்பும்
எங்கள் மேசைக்கும் வந்தது. தின்றேன்.
நல்ல ருசி.

எல்லாரும் போனபின் வயர்களைச் சுருட்டுகிறேன்.
பந்துகள் சாக்குக்குள், சாக்குக் கட்டியிருக்கிறது.
வடக்குப் பக்கத்திலிருந்து
டங்.
கொஞ்ச நேரம் கழித்து
மறுபடியும்.

அரையிறுதியில், ஜெய்ப்பூரில்,
முப்பத்தொரு புள்ளியில் தோற்றோம்.
அதனால் ஒன்றும் சமமாகவில்லை.
ததேயுவுக்கு அடுத்த வருஷம் புனேயில் ஒப்பந்தம்.
முட்டம் ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ், அவன் எனக்குப் படம் அனுப்பினான்,
‘அக்கா, கண்டீங்களா?’
கண்டேன் என்று எழுதினேன்.

பந்து வளையத்தைத் தொட்டும் இருக்கலாம்.
இரண்டு சத்தமும் சேர்ந்து வந்திருக்கலாம்.
வீடியோவில் ஜனங்களின் கூச்சல்தான் கேட்கிறது.

‘அந்த முந்நூறு கிராமைக் கூட்டிப் போடுங்க சேச்சி,
மழையில சுமந்துட்டு வந்தேன்லா’ என்கிறான்
ஆற்றூரிலிருந்து வந்தவன்.
தலையை ஆட்டுகிறேன், இல்லை என்று.
ஒன்பது நாளாக
யாருக்கும் ஒரு கிராம் நான் கூட்டிப் போடவில்லை.
அவன் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான்.